எத்தனை மடங்கு பெருக்கலாம்?

இனிமேல் பூமி எனக்குத் தெரியாமல் அசையக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நான் கட்டட வரைபடம் வரைகிறவன். சுவரையே கோட்டில் நிறுத்துகிறவனுக்கு பூமியைக் கோட்டில் பிடிக்கத் தெரியாதா? மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் வேலையை ஆரம்பித்தேன். ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். தரை அசைந்தால் சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபையர் பெருக்கும். கணினித் திரையில் கோடு துள்ளும். அவ்வளவுதான் நில அதிர்வுமானி.

மிச்சம் இருந்தது ஆம்ப்ளிஃபையரின் குமிழ். நூறு மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்கு வரை திருப்பலாம். எதில் வைப்பது? வாய்விட்டு யோசித்தது என் தப்பு.

"எவ்வளவு பெருக்கலாம்?"

"எல்லா ரூமையும் பெருக்குங்க. துடைப்பம் கதவுக்குப் பின்னால இருக்கு" என்றாள் மனைவி.

"அந்தப் பெருக்கல் இல்ல. எத்தனை மடங்குன்னு..."

"மடிக்கணும்னா, துவைச்ச துணி கட்டில் மேல கெடக்கு."

பெருக்கினேன். மடித்தேன். பிறகு வந்து குமிழைப் பத்தாயிரத்தில் வைத்தேன். இருக்கிற சக்தியை எதற்காக மிச்சம் பிடிக்க வேண்டும்? ஆம்ப்ளிஃபையர் பெட்டி தரையோடு தரையாக இருந்தது. அடிக்கடி குனிந்து பார்க்க என் தொப்பை சம்மதிக்காது. வைத்தது வைத்ததுதான்.

திரையைப் பார்த்தேன். அது கோடாக இல்லை, காடாக இருந்தது. பக்கத்து வீட்டுக் கேட் சாத்தினால் மலை. வாஷிங் மெஷின் சுற்றினால் உலக முடிவு. சமையலறையிலிருந்து மனைவி வந்தபோது கோடு திரையைவிட்டே வெளியே ஓடப் பார்த்தது.

"கொஞ்சம் மெதுவா நடக்கக் கூடாதா?"

"ஏன், நான் நடக்கிறது பூகம்பமா தெரியுதா?"

இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம்.

"ஆறு புள்ளி ரெண்டு" என்றேன்.

முறைத்துவிட்டுச் சமையலறைக்கே திரும்பிப் போனாள். சாப்பிட உட்கார்ந்ததும் பேசினாள். அவளுக்குக் காது மருத்துவமனையில் வேலை. காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்தி, சத்தம் சரிபார்த்துக் கொடுப்பாள்.

"கொறைச்சு வைங்க. எங்ககிட்ட வர்றவங்களும் இப்படித்தான், முழுசா வைன்னு அடம் பிடிப்பாங்க. வெச்சா ஃபேன் சத்தம்தான் கேக்கும். பேசறது கேக்காது."

"காது வேற, பூமி வேற" என்று பெருந்தன்மையோடு விளக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நில அதிர்வு ஆர்வலர் சங்கத்தின் செயலாளர் அம்மா எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் எங்கள் வீடும் அவர்களுடைய கண்காணிப்பு நிலையங்களில் ஒன்றாகிவிடும். அதனால் அவசரச் சட்டம் போட்டேன். வாஷிங் மெஷின் ஓடக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது. கால் தரையில் படலாம், ஆனால் தரைக்குத் தெரியக் கூடாது.

"சரிங்க" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் சண்டை போடாமல் சரிங்க என்றது அதுதான் முதல் தடவை. நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால், காடு அழிந்து அழகான கோடு. மெல்லிய நடுக்கம் மட்டும், தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி.

"பாத்தியா? நீ அடங்கினதும் பூமியே அடங்கிடுச்சு!"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். துவைத்த துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கையால் துவைத்திருப்பாள் என்று மனம் நெகிழ்ந்தேன்.

வெள்ளிக்கிழமை அது வந்தது. முதலில் சின்னச் சிலிர்ப்பு. கொஞ்சம் பொறுத்துப் பெரிய உதறல். அப்புறம் நீண்டு நெளிந்து, அலை மேல் அலை. எங்கேயோ தூரத்து நடுக்கடலுக்கு அடியில் நிலநடுக்கம், யாருக்கும் சேதமில்லை என்று செய்தியில் சொன்னார்கள். நான் கத்திய கத்தலில் அவள் ஓடி வந்தாள். அவ்வளவு பெரிய பூமி எங்கள் மாடிப்படிக்கு அடியில் வந்து கையெழுத்துப் போட்டிருந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அம்மா பதிவைப் பார்த்து அசந்துபோனார்.

"பிரமாதம்! சின்ன நடுக்கமும் தொலையல, பெரிய அலையோட தலையும் வெட்டுப்படல. எத்தனை மடங்குல வெச்சீங்க?"

"பத்தாயிரம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் குனிந்து பார்த்தார். "ஐநூறுல இருக்கே?"

"நான்தாங்க வெச்சேன்" என்றாள் மனைவி. "அவர் ஆபீஸ் போனதும் வீட்ல எல்லாத்தையும் நிறுத்திட்டு, கோடு லேசா நடுங்கற வரைக்கும் கொறைச்சேன். பத்தாயிரத்துல இருந்திருந்தா பெரிய அலை வந்ததும் மேல முட்டி மொட்டையாகியிருக்கும்."

"இதைத்தான் சங்கத்துக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் தொண்டை வறளச் சொல்றேன். யாரும் கேக்கறதில்ல!" என்றார் செயலாளர் அம்மா.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். திரையில் அந்த அலையைப் பார்த்தேன். வரவில்லை. என் காந்தம், என் சுருள், அவள் காது. வந்தது சந்தோஷம்தான். டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன்.

கூடத்தில் செயலாளர் அம்மாவின் குரல் கேட்டது.

"உங்க வீட்டையும் சேத்துக்கிறோம். நிலையப் பொறுப்பாளர் நீங்கதான். கருவிக்குப் பக்கத்துல தொந்தரவு குடுக்கற அதிர்வு ஏதாவது உண்டா?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க. இப்ப டீ போட உள்ள போயிருக்கார்."