கூடுதல் கால் கிலோ

"அப்பா, யாராவது எடையைக் கூடப் போட்டா அவங்களையும் பிடிப்பீங்களா?"

மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி அது. எடை ஆய்வாளரான அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படி ஒரு ஆளு இன்னும் பிறக்கலைம்மா."

மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போய்விட்டாள். அப்பா ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அப்போதுதான் அந்த ஆள் பிறந்தான்.

கடைத்தெருவில் அவருக்குக் கிராம் சார் என்று பெயர். தராசு ஒரு கிராம் ஏமாற்றினாலும் விடமாட்டார். முப்பத்து மூன்று வருடமாக ஊரையே சந்தேகப்பட்டுக் களைத்தவர், ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு வேலைதான் வைத்திருந்தார்: கொல்லையில் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து குருவி பார்ப்பது. அதற்காகப் பிரம்பு நாற்காலிகூட வாங்கியாயிற்று. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஜீவன் குருவி மட்டும்தான். ஆனாலும் பழக்கம் விடுமா? காலையில் மண்சட்டியில் இருநூறு கிராம் தானியத்தை நிறுத்து வைப்பார். மாலையில் மிச்சத்தை நிறுத்துப் பார்ப்பார். முப்பது, நாற்பது கிராம் இருக்கும்.

அன்று இருநூற்றுத் தொண்ணூறு இருந்தது.

தராசைத் துடைத்துவிட்டு நிறுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிறுத்தார். அதேதான்.

"சட்டியில நீ தானியம் போட்டியா?"

"மாசக் கடைசியில பருப்பு எங்க போகுதுன்னு என்னைச் சந்தேகப்பட்டீங்க," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "இப்ப தானியம் எங்கிருந்து வருதுன்னும் என்னையே சந்தேகப்படுறீங்களா?"

"அப்ப எவனோ கொல்லைக்குள்ள வந்திருக்கான்."

"வந்து எதை எடுத்துட்டுப் போனான்?"

"எடுக்கலை. வெச்சிட்டுப் போயிருக்கான்!"

"நல்ல மனுஷன். நாளைக்குச் சர்க்கரையும் கொண்டுவரச் சொல்லுங்க."

கிராம் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா கொடுக்கிறவனை அவர் பார்த்ததே இல்லை. அவரிடம் மாட்டி அபராதம் கட்டியவர்கள் கொஞ்சமா? அதில் எவனோ குருவிகளுக்கு விஷம் வைத்துப் பழிதீர்க்கப் பார்க்கிறான்.

தானியத்தைக் குழி தோண்டிப் புதைத்தார். மறுநாள், வருகிறவன் கால்தடம் பதியட்டும் என்று பின்கதவிலிருந்து மரம்வரை மாவைத் தூவிவிட்டு வேலைக்குப் போனார். காற்று அடித்தது. மாவெல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சரின் கொடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"சார், என் கறுப்புத் துணியெல்லாம் வெள்ளையாயிடுச்சு!" மதிலுக்கு மேலே டீச்சரின் தலை தெரிந்தது.

"அது இருக்கட்டும் டீச்சர். நீங்க மத்தியானம் வீட்டுலதானே இருந்தீங்க? எங்க கொல்லைப் பக்கம்..."

"என்னையா சந்தேகப்படுறீங்க?" டீச்சரின் சுருதி ஏறியது. இருபது வருட சிநேகம் அன்றோடு பேச்சை நிறுத்தியது.

மாவு தோற்றதால் மணி. சட்டியைச் சுற்றி நூல் கட்டி, அதில் அரை டஜன் மணிகளைத் தொங்கவிட்டார். முதலில் ஒரு குருவிதான் நூலைத் தொட்டது. கலகலவென்ற சத்தத்தில் மொத்தக் கூட்டமும் பறந்துபோனது. மைனாக்கள் மதிலில் நின்று அவரை நன்றாகத் திட்டிவிட்டுப் போயின. மாலையில் சட்டியில் நானூற்று ஐம்பது கிராம்.

"மத்தியானம் மணிச் சத்தம் கேக்கலையா உனக்கு?"

"தூக்கத்துல கேட்டுச்சு. குருவின்னு நெனச்சேன்."

மணிகளை அவிழ்த்தார். குருவிகள் வரவில்லை. நான்கு நாள் ஆயிற்று. கொய்யா மரம் வெறிச்சென்று நின்றது. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க இனிச் சட்டி மட்டும்தான் மிச்சம்.

"ஒரு திருடனைப் பிடிக்கிறேன்னு வந்த விருந்தாளியையெல்லாம் விரட்டிட்டீங்க," என்றாள் மனைவி.

ஐந்தாம் நாள் அரை நாள் விடுப்பு எடுத்து, கொல்லைக் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டார். ஒன்றரை மணிக்குப் பின்கதவு கிறீச்சிட்டது. கையில் துணிப்பையோடு, அவர் வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக்கடைக்காரர் பூனைபோல வந்தார்.

"மாட்டினியா! என்ன விஷம் அது?"

கடைக்காரர் பையிலிருந்து ஒரு பிடி அள்ளித் தன் வாயிலேயே போட்டு மென்றார்.

"விஷமில்லை சார். உங்களுக்குச் சேர வேண்டியது. போன மாசம் புதுத் தராசு வாங்கினேன். அப்பத்தான் பழசு கிலோவுக்கு அம்பது கிராம் குறைக்குதுன்னு தெரிஞ்சுது. ரெண்டு வருஷமா எனக்கே தெரியாம எல்லாருக்கும் குறைச்சுப் போட்டிருக்கேன். மத்தவங்களுக்குப் பொட்டலத்துல கூடப் போட்டுச் சரிக்கட்டிட்டு வர்றேன். உங்களுக்கு முடியுமா? தராசு முள்ளையே முறைச்சுப் பார்ப்பீங்க. ஒரு தானிய மணி கூடினாலும் ஏன்னு கேப்பீங்க. அதான், குருவிங்க வழியா..."

"நேரா வந்து சொல்றதுக்கென்ன?"

கடைக்காரர் பையில் இருந்த மிச்சத்தைச் சட்டியில் கொட்டினார்.

"உன் தப்பு இல்லைய்யா. அந்தத் தராசுக்கு முத்திரை போட்டவன் தப்பு! ஆபீசுல நாலு ஆய்வாளர் இருக்கோம். அதுல எவன் அந்தக் குருடன்? நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள அவனை ஒரு வழி பண்றேன்."

"வேண்டாம் சார். பாவம், நல்ல மனுஷன்."

"ஆளைச் சொல்லு!"

"அன்னைக்கு என் கடை விளக்குமேல ஒரு குருவி கூடு கட்டியிருந்துச்சு சார்," என்றார் கடைக்காரர் மெதுவாக. "நீங்க அதையே பார்த்துக்கிட்டு, முள்ளைப் பார்க்காம முத்திரையைக் குத்திட்டீங்க."

கிராம் சார் பிரம்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. தாய்க்குருவி குஞ்சுக்கு ஊட்டியதை வாய் பிளந்து பார்த்த நாள். குருவிப் பைத்தியம் பிடித்ததே அன்றுதான்.

மறுநாள் தன் பிழையைத் தானே எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். பாட்டு டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். அலுவலகத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலைக் காலத்தில் முதலும் கடைசியுமான கடிதம். அதை வாங்கும்போது, தனக்குக் கிடைத்த மன்னிப்பைக் கடவுள் தராசில் நிறுத்துப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவர் விடிந்ததும் நடக்கப் போகிறார். மளிகைக்கடை திறந்திருக்காது. தெருவில் ஆளிருக்காது. விளக்குமேல் அந்தக் கூடு இன்னும் இருக்கிறது. அதன் கீழே ஒரு பிடி தானியத்தை, நிறுக்காமல், வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். வீட்டுக் கொய்யா மரத்துக்கும் குருவிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

பத்தாம் நாள் மனைவி டப்பாவைக் குலுக்கிக்கொண்டே கொல்லைக்கு வந்தாள்.

"ஏங்க, குருவித் தானியம் தினம் ஒரு பிடி குறையுது. வீட்டுக்குள்ளேயே ஒரு திருடன் இருக்கான். பிடிங்க!"