சாம்பிளுக்கு ஒரு பெட்டி

"கடல்லயே கொட்டிட்டு வர்றதுக்கு என்னடா?"

"செத்த மீனைக் கடல்ல கொட்டுனா வயிறு எரியுதுன்னு போன தடவை நீதானக்கா கத்துன—"

"கத்துனேன். அதுக்காக எட்டுப் பெட்டியா கொண்டாருவ?"

"வலைகிட்ட போய் அளவாப் பிடின்னு சொல்றதா—"

"வாயை மூடு. ஐஸ் போட்டியா?"

"போட்டாச்சு. அக்கா, மொதல்ல என்னைப் பேச விடு—"

பேச விடுகிற வழக்கம் அக்காவுக்குக் கிடையாது. துறைமுகத்தில் அவளுக்கு வெடியக்கா என்று பேர். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். ஆனால் பின்னால் சொன்னாலும் திரும்பி வந்து பிடித்துக்கொள்கிறாள் என்பதால் இப்போது நேராகவே சொல்லிவிடுகிறார்கள்.

படகு அவளுடையது, ஓட்டுவது தம்பி. இறால் பிடிக்க மட்டும் அனுமதி. ஆனால் அனுமதிச் சீட்டை வலை படித்துப் பார்ப்பதில்லையே! இறாலோடு சேர்ந்து மாட்டிச் செத்துப்போகிற மற்ற மீனை விற்கக் கூடாது. கடலில் கொட்டலாம், இல்லையென்றால் உணவு வங்கிக்கு இனாமாகக் கொடுக்கலாம். இத்தனை நாளும் கொட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் படகு இயந்திரம் உடைந்து கரையில் கிடந்த ஏழு மாதம், அதே உணவு வங்கி வரிசையில் பையோடு நின்றவள் வெடியக்கா. டப்பாப் பயறு கொடுத்தார்கள். அடுத்த வாரமும் டப்பாப் பயறு. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஏழு மாதத்தில் ஒரு மீன் துண்டு கண்ணில் படவில்லை. அந்தக் கோபம் இன்னும் அவள் வயிற்றில் அடுப்பு மாதிரி கனன்றுகொண்டிருக்கிறது.

அதனால் காலையிலேயே உணவு வங்கி ஸ்டோர்க்காரம்மாவுக்கு ஃபோன் போட்டாள். "நாளைக்கு வரிசையில நிக்கிற அத்தனை பேருக்கும் மீன். எட்டுப் பெட்டி. அஞ்சு மணிக்குள்ள கொண்டாறேன்."

"ரொம்ப சந்தோஷம்மா. பேப்பர் விஷயத்துல மட்டும் ஒண்ணு சொல்லணும்—"

"எல்லாப் பேப்பரோடயும் வரேன், கவலைப்படாதே" என்று வைத்துவிட்டாள்.

பெட்டிகள் வேனில் ஏறின. மஞ்சள் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் படகின் எண் சிவப்பு மையில். ஐஸ் சாயங்காலம் வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

முதலில் துறைமுக அலுவலகம். அங்கே மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கவிட்ட குமாஸ்தா, படிவத்தை இரண்டு தரம் படித்தார்.

"தற்செயலாப் பிடிபட்டதுங்கிறதுக்கு என்னம்மா அத்தாட்சி?"

"மீனைக் கூப்பிட்டுக் கேளுங்க. தெரியாம வந்துட்டேன்னு சொல்லும்."

குமாஸ்தா சிரிக்கவில்லை. "மொத்தம் நாலு முத்திரை வேணும். இங்க, சோதனைக்கூடம், எடைமேடை, குளிர்கிடங்கு. சாம்பிளுக்கு ஒரு பெட்டி இறக்கி வையுங்க."

"சாம்பிள்னா ஒரு மீன்தானே?"

"ஒரு பெட்டி."

"சோத்துப் பதம் பாக்க அண்டாவையே தூக்கிட்டுப் போவீங்களா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்குங்கம்மா. இந்த முத்திரை இருக்கே, இதுக்கு அலையறதை விட—"

"முத்திரையைக் குத்துங்க!"

அவர் பெருமூச்சு விட்டுக் குத்தினார். "போங்கம்மா. நாங்க பாத்துக்குறோம்."

வெளியே வரும்போது அவர் யாருக்கோ ஃபோனில் மெல்லச் சொல்வது காதில் விழுந்தது: "ஒரு பெட்டி. பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போ."

வெடியக்கா வேன் கதவை அறைந்த அறையில் கண்ணாடி அதிர்ந்தது. "பாத்தீங்களாண்ணே! வீட்டுக்கு அனுப்புறான். பசிக்கிறவன் வாய்க்குப் போற மீன்!"

"அப்படித்தான்னு நமக்கு எப்படித் தங்கச்சி தெரியும்?" என்றார் வேன்காரர். அவர் எதையும் நிதானமாகத்தான் சொல்வார், வேனும் அப்படித்தான் போகும்.

"பின்வாசல்னு சொன்னான். நல்ல காரியத்துக்கு யாராவது பின்வாசல் தேடுவாங்களா?"

இனி ஏமாறக் கூடாது என்று ஒரு பெட்டியைத் தன் இருக்கைக்குக் கீழே தள்ளி, மேலே சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். ஐஸ்தண்ணீர் சொட்டிச் சேலையை நனைத்தது. கோபத்தில் குளிர் தெரியவில்லை.

சோதனைக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு மேடம், ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். "அருமையான மீன்" என்றார். பிறகு, "சாம்பிளுக்கு ரெண்டு பெட்டி" என்றார்.

"ரெண்டு பெட்டியையும் எந்த மைக்ராஸ்கோப்புக்குள்ள மேடம் நுழைப்பீங்க?"

"கத்தாதீங்கம்மா. உங்களுக்கு யாரும் விவரம் சொல்லலையா? சாம்பிள்னு எழுதுனா—"

"விவரமெல்லாம் எனக்குத் தெரியும். முத்திரை!"

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு முத்திரை குத்தினார். "போங்க. நாங்க பாத்துக்குறோம்."

அதே வார்த்தை! எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் படித்தவர்கள் போல! வேன் திரும்பும்போது, மஞ்சள் பெட்டி ஒன்றை ஒரு ஆள் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். எங்கே கட்டினான்? பின்வாசலில்.

எடைமேடையில் காகிதம் நாலு பெட்டி என்றது. வேன் ஐந்து பெட்டி கனத்தது.

"ஒரு பெட்டி கூடுதலா காட்டுதேம்மா" என்றார் எடைக்காரர். வெற்றிலைச் சிவப்பில் வாய், யானை மாதிரி உருவம்.

"அது என் எடை."

"நீங்க இறங்கி நின்ன பிறகுதான் எடுத்தேன்."

சாக்கு விலகியது. மறைத்த பெட்டி வெளியே வந்தது. எடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"கணக்குல வராத மீன். இதை எழுதுனா உங்க அனுமதி போயிரும், தெரியுமில்ல? எழுதாம இருக்கணும்னா ஒரே வழிதான். சாம்பிளுக்கு ரெண்டு பெட்டி இறக்குங்க."

"பகல் கொள்ளை!"

"யம்மா, கொஞ்சம் பொறுமையா என் பக்கத்துல வாங்க, ஒரு விஷயம் காதோட சொல்றேன்—"

"காதோட பேசுற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். ஊரறியப் பேசுங்க!"

ஊரறியப் பேச அவருக்கு இஷ்டம் இல்லை. முத்திரை விழுந்தது. "போங்க, நாங்க பாத்துக்குறோம்."

மிச்சம் மூன்று பெட்டி. குளிர்கிடங்கு வாசலில் மேற்பார்வையாளர் கம்பளிக் குல்லாயோடு நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வெடியக்கா ஆரம்பித்துவிட்டாள். காலையிலிருந்து நடந்த அத்தனையும், குமாஸ்தாவின் கண்ணாடி முதல் எடைக்காரரின் வாய் வரை, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது அரை மணி ஆகியிருந்தது. வேனின் பின்கதவு அதுவரை வெயிலைப் பார்த்துத் திறந்தே கிடந்தது.

குல்லாய்க்காரர் வெப்பமானியை மீனுக்குள் சொருகிப் பார்த்தார். "ஏறிடுச்சும்மா. நீங்க பேசுன பேச்சுக்கு நானே உருகிட்டேன், ஐஸ் பாவம் என்ன பண்ணும்? ரெண்டு பெட்டியை இப்பவே உள்ள வெச்சாத்தான் பிழைக்கும்."

"சாம்பிளுக்கா?" என்று கேட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆமா, சாம்பிளுக்கு" என்றார் அவர், ஒரு கண்ணைச் சிமிட்டி.

கண்ணைச் சிமிட்டினார்! அதோடு அவள் பொறுமை தீர்ந்தது. நாலாவது முத்திரையைப் பிடுங்கிக்கொண்டாள். "போங்க, நாங்க—" என்று அவர் தொடங்க, "நீங்க பாத்தது போதும், இனிமே நான் பாத்துக்குறேன்!" என்றாள்.

துறைமுக வாசலில் ஊழல் ஒழிப்பு வாரம். ஒரு மேசை, ஒரு குடை, ஒரு ஜீப், ஒரு அதிகாரி. காலையிலிருந்து ஈ காக்கை வரவில்லை போலிருக்கிறது, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வெடியக்கா வந்து நின்றதும் கல்யாணப் பெண்ணைப் பார்த்தது போல எழுந்து நாற்காலி போட்டார்.

"தங்கச்சி, ராத்திரி தூங்கி எழுந்து யோசிச்சு—" என்றார் வேன்காரர்.

"ராத்திரி தூக்கம் வரணும்னுதான் இப்பவே எழுதுறேன்."

நாலு பேர். நாலு இடம். எந்த நேரம், எத்தனை பெட்டி, எந்தப் பின்வாசல். கையெழுத்தை அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது. அதிகாரி அதை வாங்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். எழுந்தபோது வெடியக்காவுக்கு ஏழு மாதத்துக் கோபமும் இறங்கிய மாதிரி இருந்தது. பசி கூட எடுத்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, ஒற்றைப் பெட்டியோடு உணவு வங்கியில் இறங்கினாள். சொன்னது எட்டு, கொண்டுவந்தது ஒன்று. ஸ்டோர்க்காரம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நாலு முத்திரையும் வாங்கிய காகிதத்தை முதலில் நீட்டினாள்.

ஸ்டோர்க்காரம்மா அதைக் கையால் தொடவில்லை. "ஐயையோ, எதுக்கும்மா இத்தனை முத்திரை? முத்திரையோட வந்தா அது நன்கொடை. நன்கொடைன்னா கமிட்டி கூடி ஒப்புதல் குடுக்கணும். கமிட்டி மாசத்துக்கு ஒரு தடவைதான் கூடும். அதுவரைக்கும் மீன் இருக்குமா? காலையில இதைச் சொல்ல வந்தேன், நீங்க ஃபோனை வெச்சுட்டீங்க."

"அப்ப நாளைக்கு வரிசையில நிக்கிறவங்களுக்கு?"

"அதுக்கென்ன, நிறைய இருக்கே!" ஸ்டோர்க்காரம்மா குளிர்பெட்டி மூடியைத் தூக்கினார்.

உள்ளே புகை மாதிரி குளிர் எழும்பியது. அது விலகியதும் மஞ்சள் பெட்டிகள் தெரிந்தன. சிவப்பு மையில் படகின் எண். வெடியக்கா எண்ணினாள். ஏழு.

"சாம்பிள்னு எழுதி அனுப்பிட்டா அது நன்கொடை இல்ல, சோதனை போக மீதி. மீதிக்குக் கமிட்டி வேண்டாம். ரெண்டு வருஷமா அந்த நாலு பேரும் இப்படித்தான் நமக்கு மீன் அனுப்புறாங்க. மேலிடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னுதான் பின்வாசல். படகுக்காரங்ககிட்ட மட்டும் காதோட சொல்லுவாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?"

வெடியக்கா பெட்டிகளை மறுபடி எண்ணினாள். இப்போதும் ஏழுதான்.

மேசை மேல் ஃபோன் அடித்தது. ஸ்டோர்க்காரம்மா எடுத்தார். கேட்டார். "எப்ப?" என்றார். "நாலு பேரையுமா?" என்றார். மெல்ல ஃபோனை வைத்துவிட்டு, கலங்கிய கண்ணோடு திரும்பினார்.

"ஜீப்புல ஏத்திட்டாங்களாம்மா, யாரோ நேரம் போட்டு, பெட்டி எண்ணி எழுதிக் குடுத்துட்டாங்களாம், நீங்கதானே இன்னிக்கு நாலு இடத்துக்கும் போனீங்க, அந்தப் புண்ணியவாட்டி யாருன்னு ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?"