தேவாங்கு கண்டுபிடித்த குளம்பு மருந்து

ஒரு காட்டில் சிங்கம் இல்லை, பல்கலைக்கழகம் இருந்தது. மிருகங்கள் அதற்குத்தான் பயந்து நடந்தன.

அங்கே மருந்தியல் துறையில் இமையவன் என்றொரு தேவாங்கு பேராசிரியராக இருந்தார். ('இருந்தது' என்று எழுதினால் ஆசிரியர் சங்கத்திலிருந்து கடிதம் வரும்.) தேவாங்குகளுக்குப் பகலில் தூக்கம் வரும். ஆனால் பல்கலைக்கழகம் நடப்பதோ காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. ஆகவே அவர் பதினாறு வருடங்களாக அரைத் தூக்கத்திலேயே ஆராய்ச்சி செய்துவந்தார். மற்ற பேராசிரியர்களுக்கும் அவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் காட்டில் ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். தரையெல்லாம் சேறாகும். மான்களின் குளம்பிடுக்கில் புண் வரும். புண் வந்த மான் நொண்டும். நொண்டுகிற மானைச் சிறுத்தை பிடித்துத் தின்றுவிடும். 'குளம்புப் புண்ணால் இந்த ஆண்டும் உயிரிழப்பு எதுவும் இல்லை' என்று பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை சொல்லும். அது உண்மைதான்.

பல்கலைக்கழகப் புல்வெளியை மட்டமாக மேய்ந்து வைக்கும் வேலையில் புள்ளியம்மாள் என்ற மான் இருந்தாள். முந்தின வருட மழையில் அவளுடைய கணவன் நொண்டினான், போய்விட்டான். இந்த வருடம் கோடையிலேயே அவளுக்குக் குளம்பில் புண் கண்டது. இமையவன் கருங்கொடி வேரை உரலில் இடித்து, சாறு பிழிந்து, அவள் காலில் தடவினார். ஒன்பதாம் நாள் புள்ளியம்மாள் துறையின் சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்தாள்.

"சார், இதை எங்க கூட்டத்துக்கும் குடுங்க. நாப்பத்தி ரெண்டு பேர் இருக்கோம். மழைக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு."

"மூணு மாசம் என்னத்துக்கும்மா? அடுத்த வாரமே குடுத்துடலாம்" என்றார் இமையவன். அவருக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் அறிவுச்சொத்து மற்றும் வணிகமாக்கல் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அதன் இயக்குநர் அலகேஸ்வரி ஒரு கூழைக்கடா. மற்ற கூழைக்கடாக்கள் அலகுப் பையில் மீன் வைத்திருக்கும். இவர் படிவம் வைத்திருந்தார்.

"வாழ்த்துகள் புரொஃபசர். மருந்தைப் பத்தி வெளியே யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லலை மேடம். ஒரு மானுக்குத் தடவினேன். கால் சரியாகி அது குதிச்சுது."

கூழைக்கடா பதறிப்போனார். "குதிச்சுதா! எத்தனை பேர் பார்த்தாங்க? காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி வெளியே தெரிஞ்சா புதுமை போயிடும். அதை உடனே நொண்டச் சொல்லுங்க."

"மேடம், கால் சரியாயிடுச்சே."

"விண்ணப்பம் போற வரைக்கும்தானே."

பிறகு அவர் அலகைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து உதறினார். கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்தில் துணைவேந்தரின் பெயர் ஏற்கெனவே இருந்தது. துணைவேந்தர் ஒரு காட்டெருமை. மருந்தியல் துறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. 'ஊக்கமளித்தவர்' என்ற முறையில் சேர்த்திருப்பதாக இயக்குநர் விளக்கினார். அதற்குக் கீழே இமையவன் கையெழுத்துப் போட இடம் இருந்தது.

"மருந்து யாருக்குச் சொந்தம் மேடம்? கொடி காட்டுல தானா முளைச்சது. வேரை நான் தோண்டினேன்."

"இடிச்ச உரல்?"

"பல்கலைக்கழகத்தோடது."

"அப்போ மருந்தும் பல்கலைக்கழகத்தோடது. ஆனா கவலைப்படாதீங்க. நல்ல நிறுவனமா பார்த்து உரிமம் குடுப்போம். அவங்க மருந்தைக் காடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பாங்க. உங்களால தனியா எத்தனை குளம்புக்குத் தடவ முடியும்?"

அந்தக் கேள்வி இமையவனுக்கு நியாயமாகவே பட்டது. கையெழுத்துப் போட்டார்.

புள்ளியம்மாளும் நல்ல காலை வைத்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தாள். பேராசிரியர் சொன்னால் காரணம் இருக்கும் என்று நம்பினாள். ஒரு நாள் ஓடையோரம் அவள் நொண்டிக்கொண்டு போனதைச் சிறுத்தை பார்த்தார். அவர் பெயர் கொற்றவன். புதரிலிருந்து பாய்ந்தார். அந்தக் கணத்தில் புள்ளியம்மாளுக்கு நொண்ட வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. மேட்டுக்கு மேடு தாவி மறைந்தாள்.

கொற்றவன் அங்கேயே உட்கார்ந்து யோசித்தார். இருபது வருட அனுபவத்தில், நொண்டுகிற மான் இப்படி ஓடி அவர் பார்த்ததில்லை. விசாரித்தார். மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போனார். திரும்பி வரும்போது கொற்றவன் நலவாழ்வு நிறுவனம் என்ற பெயரில் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்.

உரிமத்துக்கு இரண்டே விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று மான்கள் சங்கத்தினுடையது. தொழிற்கூடம் உண்டா, முன் அனுபவம் உண்டா என்று துணைவேந்தர் தலைமையிலான தேர்வுக் குழு கேட்டது. "புண்ணு உண்டு" என்றாள் சங்கத்தின் சார்பில் போயிருந்த புள்ளியம்மாள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்து கொற்றவன் வந்தார். நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பணிவாக உட்கார்ந்தார்.

"மான்களோட எனக்கு இருபது வருஷப் பழக்கம். எந்த மான் எந்தக் காலில் நொண்டும், எத்தனை அடி ஓடும், எப்போ விழும், எல்லாம் எனக்கு அத்துப்படி. என்னைவிட அவங்க குளம்பை உற்றுப் பார்த்தவங்க இந்தக் காட்டுல யாரும் கிடையாது."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தையைப் பற்றி இவ்வளவு ஆழமாகத் தெரிந்த ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு இதுவரை வந்ததே இல்லை.

வாசலில் நின்ற புள்ளியம்மாளால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, அவரு எங்களைத் தின்கிறவரு!"

"அது அவருடைய வேறொரு பிரிவும்மா" என்றார் துணைவேந்தர். "ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

மருந்து தயாரிக்கும் முழு உரிமையும் இருபது வருடத்துக்குக் கொற்றவனுக்கே என்று ஒப்பந்தம் ஆனது. எப்போது தயாரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. தொழிலதிபரை அவசரப்படுத்துவது மரியாதை இல்லை என்று அலகேஸ்வரி நினைத்தார். விழா எடுத்தார்கள். இமையவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது அவரைத் தலையோடு மூடிவிட்டதால் புகைப்படத்தில் துணைவேந்தரும் சிறுத்தையும் ஒரு துணிமூட்டையும்தான் இருந்தார்கள்.

ஐப்பசி வந்தது. மழை வந்தது. மருந்து வரவில்லை.

இமையவன் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். 'சந்தை ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. நிறுவனரே நேரில் களத்தில் இறங்கியுள்ளார்' என்று பதில் வந்தது. முதல் இரண்டு வாரத்துக்குள் ஆய்வில் ஏழு மான்கள் போயின. ஏழாவது மான் புள்ளியம்மாளின் தங்கை செவந்தி.

புள்ளியம்மாள் நனைந்தபடி துறைக்கு வந்தாள். அழவில்லை. அதுதான் இமையவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நொண்டச் சொன்னீங்க, நொண்டினேன். விண்ணப்பத்துல குளம்பு வைக்கச் சொன்னீங்க, வச்சேன். செவந்தி நேத்துக் காலையில எங்கிட்ட கேட்டா, 'அக்கா, உனக்குத் தடவின மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்குமா'ன்னு. என்ன சார் சொல்றது நான்? இருபது வருஷம் கழிச்சு வான்னா?"

இமையவன் வேரை எடுத்தார், இடித்தார், பிழிந்தார். கூட வந்திருந்த மூன்று மான்களுக்குத் தடவிவிட்டார். சக்கையைப் பின்கதவு வழியாக வெளியே கொட்டினார்.

நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது. 'தாங்கள் கண்டுபிடித்த மருந்தைத் தாங்களே அனுமதியின்றிப் பயன்படுத்தியது உரிமம் பெற்றவரின் நலனுக்கு எதிரானது. இனி ஒரு சொட்டுச் சாறு பிழிந்தாலும் பணிநீக்கம்.' கீழே துணைவேந்தர் கையெழுத்து.

மருந்து தடவிய மூன்று மான்களும் பத்து நாளில் தேறிவிட்டன. ஆனால் நான்காவதாக ஒரு கிழட்டு மானும் நொண்டாமல் நடந்தது. அதற்கு யாரும் எதையும் தடவவில்லை. "நீ என்ன பண்ணினே?" என்று இமையவன் அதைக் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலையே. மழைக்கு உங்க துறைக்குப் பின்னாடி ஒதுங்கி நிப்பேன். கால்ல ஏதோ சக்கை ஒட்டிக்கும். நாத்தம் தாங்காது."

இமையவனின் கண்கள் மேலும் பெரிதாயின. ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படித்தார். பதினெட்டுப் பக்கத்திலும் சாறு, சாறு என்றுதான் இருந்தது. சக்கை என்ற சொல் எங்குமே இல்லை. ஆனால் இன்னொரு விதி இருந்தது: புதிதாக எதைக் கண்டாலும் வணிகமாக்கல் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு ஏதாவது மதிப்பு இருந்தால் முதல் உரிமை கொற்றவனுக்கு. மறைத்தால் வேலை போகும், தெரிவித்தால் சக்கையும் போகும்.

அன்று பகல் முழுக்க அவர் கண்ணயரவில்லை. சாயங்காலம் படிவத்தை நிரப்பினார். ஒரு பொய்கூட எழுதவில்லை. பொருள்: சக்கை. நிறம்: கறுப்பு. மணம்: நாற்றம். கிடைக்கும் இடம்: துறையின் பின்புறம். பயன்: மான்கள் மிதிக்கும்.

அலகேஸ்வரி அதைப் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "என்ன புரொஃபசர் இது?"

"ஆராய்ச்சியில மிஞ்சினது மேடம். விதின்னு இருக்கே, தெரிவிச்சுட்டேன்."

"இதை யாராவது விலை கொடுத்து வாங்குவாங்களா?"

"யாரும் வாங்க மாட்டாங்க மேடம்."

'வணிக மதிப்பு இல்லை' என்று முத்திரை விழுந்தது. 'துறை தன் சொந்தப் பொறுப்பில் அப்புறப்படுத்தவும்' என்று இயக்குநர் சிவப்பு மையில் சேர்த்து எழுதினார்.

சாறு பிழியத்தான் தடை. இமையவன் வேரைப் பிழியாமல் அப்படியே இடித்துக் கொட்டினார். பிறகு மான்கள் சங்கத்துக்கு முறைப்படி கடிதம் எழுதினார்: 'கழிவு அகற்றும் பணிக்குத் தினமும் வரவும். குளம்பில் ஒட்டிக்கொண்டு போகும் முறை பின்பற்றப்படும்.' முப்பத்தைந்து மான்களும் வரிசையில் வந்தன. மிதித்தன. போயின.

கார்த்திகை பாதியில் கொற்றவன் வந்தார். விலா எலும்பு தெரிந்தது. சக்கைக் குவியலைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தார்.

"இது என்ன?"

"குப்பைங்க" என்றார் இமையவன். "சான்று இருக்கு."

"இது மருந்து. எனக்கு நல்லாத் தெரியும்."

"மருந்துன்னா உங்களுக்குத்தான் முதல் உரிமை. ஆனா மருந்து இல்லைன்னு பல்கலைக்கழகமே சொல்லிடுச்சு. நீங்க மேல்முறையீடு பண்ணலாம். படிவம் மேடம்கிட்ட இருக்கு."

கொற்றவன் வணிகமாக்கல் பிரிவின் வரிசையில் போய் நின்றார். முதல் நாள் இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். இரண்டாம் நாள் படிவம் தீர்ந்துபோயிருந்தது. மூன்றாம் நாள், சக்கைக்கு வணிக மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டால் முத்திரை குத்திய அதிகாரி தவறு செய்ததாக ஆகும், பல்கலைக்கழக வரலாற்றில் அப்படி நடந்ததில்லை என்று விளக்கினார்கள். தை பிறந்தபோது கொற்றவன் அடுத்த மலைக்குப் போய்விட்டார். அங்கே இன்னும் பல்கலைக்கழகம் வரவில்லை.

இடையில் துணைவேந்தருக்கே குளம்பில் புண் வந்தது. கழிவு மேலாண்மையை ஆய்வு செய்வதாகச் சொல்லி ஏழு நாள் விடாமல் குவியலுக்கு வந்தார். ஒவ்வொரு நாளும் நான்கு காலையும் உள்ளே விட்டு அரை மணி நேரம் நின்று ஆய்வு செய்தார்.

வருடக் கடைசியில், காட்டிலேயே மிக நீண்ட ஒப்பந்தத்தில் உரிமம் கொடுத்த பல்கலைக்கழகம் என்ற விருதை அலகேஸ்வரி மேடையேறி வாங்கிக்கொண்டார். இமையவனின் பணி மதிப்பீட்டில் பூஜ்யம் போட்டார்கள். அவருடைய பதவி உயர்வை நிறுத்தி, துறையையும் குப்பைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள்.

கொட்டகைக்குப் புள்ளியம்மாள் பார்க்க வந்தாள்.

"இத்தனை செஞ்சும் உங்களுக்கு ஒரு பட்டயம்கூடக் குடுக்கலையே சார்."

"குடுத்தாங்கம்மா" என்றார் இமையவன். 'வணிக மதிப்பு இல்லை' என்று முத்திரை குத்திய அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதைக் காட்டிவிட்டு, காலை பதினொரு மணிக்கே சுருண்டு படுத்து நன்றாகத் தூங்கிப்போனார். குப்பைக் கொட்டகைக்கு யாரும் சோதனைக்கு வருவதில்லை.

நீதி: ஊருக்கு உதவ நினைப்பவர், தாம் எதற்கும் உதவாதவர் என்று முதலில் எழுத்துப்பூர்வமாகச் சான்று வாங்கிவிட வேண்டும்.