கரடி டீம் தோற்க வேண்டும்

உத்தமபாளையம்,
ஏப்ரல் 2002

அன்பு மகன் ரபீக்குக்கு அத்தா ஷேக் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல ரஹ்மானின் கிருபையால் இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பக்கத்தில் நிற்கும் உன் அம்மா, "நலம்னு எழுதாதீக. அப்புறம் நிம்மதியா அங்கனயே இருந்துருவான்" என்கிறாள். ஆகவே நலமில்லை என்றே வைத்துக்கொள். அது பொய்யுமில்லை.

நேற்று உன் மாமா ரியாசுதீன் வந்தார். வாசலிலேயே செருப்போடு நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "மச்சான், வருசா வருசம் எம் மக ஷர்மினுக்கு நிக்காஹ் தேதி குறிக்கிறீக. வருசா வருசம் அந்தக் கரடிப் பயலுக குறுக்க வந்து நிக்கிறானுக. இந்தத் தடவையும் மாப்பிள்ளை வரலைன்னா, போடியில இருந்து கேட்டு வந்திருக்காக, பேசி முடிச்சிருவேன்" என்றார். உன் டீமின் சட்டையில் கரடிப் படம் இருப்பதால் நம் சொந்தபந்தத்தில் அதற்கு அதுதான் பெயர். கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடும் தரையை உறைய வைக்கிற மிஷினுக்கு நீ மெக்கானிக் என்று சொன்னால், கம்பம் ஐஸ் பாக்டரியில் செய்த அதே வேலைக்கு எதற்கு அம்புட்டுத் தூரம் என்று கேட்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்ல?

நீ போய்ச் சேர்ந்தபோது, அந்த டீம் ஏப்ரலிலேயே தோற்று வீட்டுக்குப் போய்விடும், உடனே மிஷினை நிறுத்தி ஐஸை உருக்கிவிடுவார்கள், எனக்கு லீவு என்று எழுதினாய். அதை நம்பித்தான் தொண்ணூற்றொன்பதில் பந்தல்காரரிடம் சொன்னோம். அந்த வருசம் பார்த்து அவர்களுக்கு என்ன புத்தி வந்ததோ, ஜெயித்துக்கொண்டே போய் ஜூனில் கப்பை வாங்கிவிட்டார்கள். முப்பது வருசமாக வாங்காத கப்! அதற்கப்புறம் மிஷினைப் பிரித்து மாட்டவே உனக்குக் கோடை முழுக்கச் சரியாகிவிட்டது, செப்டம்பரில் மறுபடி ஐஸ். அடுத்த வருசமும் கப். போன வருசம் தோற்றுப் போனார்கள் என்று நீ போனில் சொன்னதும் உன் அம்மா தெரு முழுக்கச் சீனி கொடுத்தாள். கொடுத்து முடித்த பிறகுதான் சொல்கிறாய், தோற்றது கடைசி மேட்சில், அதுவும் ஜூனில் என்று. தோற்கிறவன் காலாகாலத்தில் தோற்க வேண்டாமாப்பா?

நீ அனுப்பிய கேசட்டைப் பக்கத்துத் தோட்டத்துக் கோட்டைச்சாமி வீட்டில் போட்டுப் பார்த்தோம். பந்து எங்கே என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்திக்கொண்டார்கள். "யாராச்சும் வெலக்கி விடுங்கய்யா!" என்று கோட்டைச்சாமி டிவியைப் பார்த்துக் கத்தினார். ஓர் ஓரத்தில் குல்லாய் போட்டு நீ நின்றாய். உன் அம்மா அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். நிறுத்திய படம் ஆடிக்கொண்டே இருந்தது. "பிள்ளை குளிர்ல நடுங்குது பாருங்க" என்று ஒரே அழுகை. அது கேசட் கோளாறு என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். இப்போது உன் டீம் தோற்பதற்காக நோன்பு வைக்கிறாள். கோட்டைச்சாமி சுருளி கோயிலுக்குப் போய், "பாய், நானும் வேண்டிட்டு வந்துட்டேன், இந்த வருசம் கரடி எந்திரிக்காது" என்கிறார்.

அடுத்தவன் தோற்க துஆ கேட்பது தப்பு என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் போன மாதம் உன் அம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்தாள். என்னால் தூக்க முடியவில்லை. தூக்கப் போய் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு அப்படியே கிடந்தோம். ஷர்மின்தான் எதற்கோ வந்தவள் எங்களை எழுப்பி உட்கார வைத்தாள். அந்தப் பிள்ளையும் போடிக்குப் போய்விட்டால் இந்த வீட்டை எட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? டீம் ஜெயித்தாலும் தோற்றாலும் சரி, வேலையை விட்டுவிட்டு வந்துரு. இது அத்தாவின் கண்டிப்பான முடிவு.

உன் ஈமானையும் உடம்பையும் அல்லாஹ் காப்பாற்றுவானாக. அம்மா ஸலாம் சொல்கிறாள். வஸ்ஸலாம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் ஷர்மின் வந்தாள். வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "மாமா, அவுக எதுக்கு வேலையை விடணும்? போன்லயே நிக்காஹ் வைங்க, நான் அங்கன போயிக்கிறேன். எங்க அத்தாட்ட பேசிட்டேன், சரின்னுட்டாக" என்கிறாள். உன் அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அப்புறம், "போகட்டும். ரெண்டு பேரும் ஒரு வீட்ல இருந்தாப் போதும்" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். வேலையை விட்டுவிடாதே. கரடி நன்றாக ஜெயிக்கட்டும். ஷர்மினுக்கு ஸ்வெட்டர் எடுக்க வேண்டும். இந்த வெயிலில் கம்பத்தில் எவன் ஸ்வெட்டர் விற்பான்? திங்கட்கிழமை நானும் உன் அம்மாவும் மூணாறு பஸ் ஏறுகிறோம்.