பெர்னடீனின் நெற்றி முடி

பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்குள் வெண்டலின் லேப்டாப் தோசைக்கல்லாகக் கொதித்துவிட்டது.

நெப்ராஸ்காவின் ஆகஸ்டு வெயிலில், இறுதிச்சடங்கு இல்லத்தின் ஏசி காலையிலேயே படுத்துவிட்டது. சவப்பெட்டியின் தலைமாட்டில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து, வரமுடியாத உறவினர்களுக்குச் சடங்கை நேரலையில் அனுப்புவது வெண்டலின் வேலை. எதிர்த்தூணில் கேமரா. அது காட்டியதுதான் அவனுக்கும் தெரியும்.

இன்றைக்கு லேப்டாப் அணையவே கூடாது. இறந்துபோன பெர்னடீனின் ஒரே மகள் லோர்னா, அலாஸ்காவில் பனிமூட்டத்தால் விமானம் கிளம்பாமல் மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவோடு பேசி ஆறு வருடம். பெட்டியை மூடுமுன் அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு வேறு வழியில்லை.

வெண்டல் உள்ளங்கை அகல யூஎஸ்பி மின்விசிறியை லேப்டாப்பிலேயே செருகிப் பக்கத்தில் நிறுத்தினான். சூடு தணிந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால், படத்தில் பெர்னடீனின் நெற்றி முடி மெல்ல எழுந்து படுத்தது.

நேரலைக்குக் கீழே எழுத்துகள் ஓடின. "அத்தை அசைஞ்சாங்களே, யாராச்சும் பாத்தீங்களா?"

திரை இடுக்கில் காற்று போகிறது என்று புரிந்து, வெண்டல் விசிறியை இடப்பக்கம் திருப்பினான். அந்த நேரம் பார்த்துத்தான் பெர்னடீனின் அண்ணன் மகன் டுவைன் மைக்கைப் பிடித்து, ஞாயிறு தவறாமல் அத்தையை வந்து பார்த்துக்கொண்டதாக உருக ஆரம்பித்தான். பெர்னடீனின் கழுத்து லேஸ் படபடவென்று அடித்தது.

"அத்தைக்கே பொறுக்கல," என்று ஒருத்தி எழுதினாள். "ஒரு ஞாயித்துக்கிழமை கூட இவன் வந்ததில்ல."

வெண்டல் பதறி விசிறியைப் பிடுங்கினான். மூன்றே நிமிடத்தில் லேப்டாப் உயிரை விட்டது. உடனே அவன் கைப்பேசி அதிர்ந்தது. லோர்னா.

"அண்ணே, இருட்டாயிடுச்சு. பெட்டிய மூடிட்டாங்களா?"

இல்லை என்று வெண்டல் கிசுகிசுத்து, விசிறியை மறுபடி செருகி, பாதிரியாரின் கடைசிப் பாட்டுக்குள் எப்படியோ நேரலையை எழுப்பினான். பெர்னடீனின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். ஒரு ஈ, அவள் மூக்குக்கு ஒரு சாண் மேலே, வெறும் அந்தரத்தில் நிதானமாக நடந்து போனது. வெக்கையில் கண் பூத்துவிட்டது என்று வெண்டல் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

லோர்னா எழுதினாள்: "அம்மா, நான்தான். இன்னும் கோவமா?"

செய்யக்கூடாத வேலைதான். ஆனாலும் வெண்டல் விசிறியை முழு வேகத்தில் திரை இடுக்குக்கு நேரே பிடித்தான். நெற்றி முடி நன்றாக மேலெழுந்து, மெதுவாகப் படுத்தது.

லோர்னாவிடமிருந்து பதில் வந்தது: "கோவம் தீந்தா அம்மா இப்படித்தான் உஃப்னு நெத்தி முடிய ஊதும். போதும்ணே. இது போதும்."

எல்லோரும் போனபின், பிணங்களுக்கு ஒப்பனை செய்யும் ஓபல் துணியும் கையுமாக வந்தாள். மனசு உறுத்தியதால் வெண்டல் எல்லாவற்றையும் கொட்டினான். அத்தனையும் தன் விசிறிக் காற்று என்றும், பாவம் ஒரு மகளை ஏமாற்றிவிட்டேன் என்றும் சொன்னான்.

ஓபல் பெட்டியையும் அவன் கையிலிருந்த விசிறியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காத்தா? ஏசி நின்னதும் ஈ மொய்க்குமேன்னு, காலையிலயே நான் அவங்க மேல கண்ணாடி மூடி போட்டு நாலு பக்கமும் திருகி இறுக்கிட்டேனேப்பா."