வீடு இருக்கிறதா என்று கேட்ட மச்சானுக்கு

மரியே வாழ்க

ஹெப்பகோடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு.

மகா கனம் பொருந்திய, குவைத்தில் ஏசிக் காற்றில் உட்கார்ந்திருக்கும் மச்சான் ஆன்டனி அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டு இன்னும் உயிரோடிருக்கும் தாஸ் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். சுகம் இல்லாததையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் சொல்லி நீங்கள் சிரிப்பதற்கு முன்னால். இந்தக் கடுதாசியை உங்கள் தங்கச்சியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஊதா நிறம், கழுத்தில் பூ வேலை. மேலே துண்டு போட்டிருப்பதால் மானம் அவ்வளவாகப் போகவில்லை. என் லுங்கிகள் ஒன்று விடாமல் சேறு பிடித்துக் கொடியில் தொங்குகின்றன. அந்தச் சேறு உங்கள் வீட்டுச் சேறு என்பதால் சிரிக்கும்போது கொஞ்சம் பார்த்துச் சிரிக்கவும்.

போனில் நீங்கள் என்ன கேட்டீர்கள்? "மாப்ள, கதை அளக்காத. ஒரே வரில சொல்லு, வீடு இருக்கா இல்லையா? இல்லன்னா டிக்கெட் போடல. இன்னும் ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட் எழுதிக் குடுத்துட்டு இங்கயே கெடக்கறேன்." நான் சிக்னல் போன மாதிரி ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அதற்கு ஒரே வரியில் பதில் இல்லை மச்சான். போனில் நடுவில் கேள்வி கேட்பீர்கள், கடுதாசியில் கேட்க முடியாது. அதனால்தான் லீவு முடிந்து போகிற நர்ஸ் கேத்தரின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஒரேயடியாக வந்துவிடுவீர்கள் என்று உங்கள் தங்கச்சி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். முழங்கால் தேய்ந்த மனுஷன் இன்னும் ரெண்டு வருஷம் அங்கே ஏணி ஏறினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

நம் மாவினஹொளெ ஆறு செத்து முப்பது வருஷம் ஆகிறது, இனி எங்கே வரப்போகிறது என்று சொல்லிக் கரையோரமாகவே மனை வாங்கியது யார் என்று நான் கேட்கவில்லை. நைட்டியில் உட்கார்ந்திருப்பவன் அடுத்தவர் புத்தியைப் பற்றிப் பேசக்கூடாது. மேலே மூடிக் கிடக்கிற நூல் மில்லுக்காரன் அந்தக் காலத்தில் அணை கட்டித் தண்ணீரை நிறுத்தினான். மில்லு போனது, அணை நின்றது, ஆறு மணலானது. இப்போது அணையை எடுத்து ஆற்றை ஓட விடுவோம் என்று முடிவு செய்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சஹானா என்று ஒரு பெண், ஆற்றுக்காகவே அலைகிறவள், வந்து பேசினாள். "அங்கிள், ஹொளெ மறுபடி உயிரோட வரும். மீன் வரும், பறவை வரும்" என்றாள். "முதல்ல என்னம்மா வரும்?" என்று கேட்டேன். "முதல்ல சேறு வரும் அங்கிள்" என்றாள். அந்தப் பெண் பொய்யே சொல்லவில்லை. மீன் என்று சொன்ன இடத்திலேயே நாங்கள்தான் காதை மூடிக்கொண்டோம்.

அளந்து பார்த்தவர்கள், தண்ணீர் உங்கள் காம்பவுண்டு வரைக்கும்தான் வரும், ஆனாலும் சாமான்களை ஏற்றிவிடுங்கள், சங்கு ஊதியதும் எல்லாரும் பள்ளிக்கூட மேட்டுக்குப் போய்விடுங்கள் என்றார்கள். நானும் பொறுப்பாக டெம்போ பேசி உங்கள் வாசலில் நிறுத்தினேன். பிரிஜ்ஜை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் டெம்போக்காரனுமாகத் தூக்கி நிலைப்படி தாண்டும்போது சங்கு ஊதியது.

மச்சான், சங்கு ஊதினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தங்கவயலில் வளர்ந்த நமக்கு அது தெரியுமா? நேரம் தவறிச் சங்கு ஊதினால், உள்ளே செத்தவர் யார் என்று பேர் கேட்கச் சுரங்க வாசலுக்கு ஓடத்தான் நமக்குத் தெரியும். பிரிஜ்ஜை அப்படியே விட்டுவிட்டேன், டெம்போக்காரன் காலில். உங்கள் தங்கச்சி எங்கள் வீட்டிலிருந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டு தலைவிரிகோலமாக ஓடுகிறாள். அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் நம் தெருவிலிருக்கிற தங்கவயல் ஜனம் மொத்தமும். ஊர் முழுக்க அணையை விட்டு எதிரே ஓடி வருகிறது, நாங்கள் மட்டும் அணையைப் பார்த்து ஓடுகிறோம். போலீஸ்காரர் கையை விரித்துக்கொண்டு, "எல்லிக்ரீ ஹோக்தீரா? எங்க போறீங்க? மேட்டுக்குப் போங்க" என்று இரண்டு பாஷையிலும் கத்துகிறார். பிரிசில்லா அவர் கைக்குக் கீழே குனிந்து போய் சஹானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரு பேரு வந்திருக்கு? சொல்லும்மா, யாரு பேரு வந்திருக்கு?" என்று கேட்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "பேர் ஏதும் இல்ல ஆன்ட்டி, எல்லாரும் சேஃப்" என்றாள். உங்கள் தங்கச்சி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் அப்பா பேர் வந்த அன்றைக்கு நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் எதிர் வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். அதே முகம். அவள் பக்கத்தில் நானும் மண்ணில் உட்கார்ந்தேன். பிறகுதான் பார்த்தேன், அவள் உருட்டிக்கொண்டிருந்தது ஜெபமாலை இல்லை, உங்கள் வீட்டு டிவி ரிமோட். அன்று காலையில் துடைக்க எடுத்து வந்திருக்கிறாள். டிவி போய்விட்டது மச்சான், ரிமோட் இருக்கிறது.

ஜேசிபி அணையை இடித்ததும் முதலில் தண்ணீர் வரவில்லை, நாற்றம் வந்தது. அப்புறம் கறுப்பாக, கூழ் மாதிரி, அவசரமே இல்லாமல் சேறு நடந்து வந்தது. உங்கள் கேட்டுக்குள் நுழைந்து, திறந்து கிடந்த கதவு வழியாக, பிரிஜ்ஜைச் சுற்றிக்கொண்டு ஹாலுக்குப் போனது. வருஷா வருஷம் அணையில் கரைத்த பிள்ளையார்களின் கம்பியும் கட்டையும் இப்போது உங்கள் கிச்சனில் இருந்தன, ஒரு கத்தோலிக்கர் வீட்டில் அத்தனை பிள்ளையாரை நான் பார்த்ததில்லை. சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கினீர்களே, அது வீண் போகவில்லை. உறையோடு இருந்ததால் நன்றாக மிதந்தது. பின்கதவு வழியாக வெளியேறி ஒசூர் பக்கம் போனதாகக் கீழே கீரை போடுகிறவர்கள் சொன்னார்கள்.

அதோடு முடிந்திருந்தால் கழுவி விட்டிருக்கலாம். ஒவ்வொரு மழைக்கும் ஆறு கரையை அரித்தது. முதலில் பின்பக்கக் காம்பவுண்டு, அப்புறம் பாத்ரூம், அப்புறம் கிச்சன், போன வாரம் படுக்கை அறை. அளந்த பையன் ஷ்ரேயாஸ் வந்து பார்த்துவிட்டு, "கணக்கு தப்பாயிடுச்சு அங்கிள்" என்று சொல்லி அழுதுவிட்டான். பிரிசில்லா அவனுக்குச் சோறு போட்டாள். என்னை ஒரு நாளாவது அப்படிக் கெஞ்சிச் சாப்பிடச் சொல்லியிருக்கிறாளா?

ஆற்றைத் திட்டவும் முடியவில்லை. மேலே அணைத் தண்ணீர் போனதில் கிணறு வற்றியவர்கள் மண்ணை வாரித் தூற்றுகிறார்கள், கீழே கீரைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், நடுவில் உங்கள் வீடு. தண்ணீர் தெளிந்து வருகிறது. நேற்று சஹானா உள்ளங்கையில் ஏந்தி ஒரு மீனைக் காட்டினாள், என் நகத்தை விடச் சின்னது. இதற்கா ஒரு வீடு என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து, "குழம்புக்கு ஆகும்மா" என்றேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹாலாக இருந்த முன் ரூம் மட்டும் இருக்கிறது. தினமும் போய்ச் சேற்றை வாரிக் கொட்டி, தரையைத் தேய்த்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். லுங்கிகள் அங்கேதான் பாழாயின. சுவர் கல்லு மாதிரி நிற்கிறது. நம்பிக்கை வரட்டும் என்றுதான் அந்த ரூமிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் தங்கச்சி மட்டும் உள்ளே வர மாட்டேன் என்கிறாள். டீ கொண்டு வந்தாலும் ரோட்டிலேயே நின்று, "வெளிய வந்து குடிங்க, உங்க பேரையும் எவனாவது வந்து சொல்லணுமா?" என்று கத்துகிறாள். பயந்த குடும்பம், உங்களுக்குத் தெரியாததா. கட்டில் ஒன்று போடலாம், ஜன்னலைத் திறந்தால் ஆறு. நீங்கள் ஆசைப்பட்டதும் அதுதானே. ஆகவே வீடு இருக்கிறது, தைரியமாக டிக்கெட் போடுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு மாதா துணை இருக்கட்டும். பிரிசில்லாவின் அன்பையும், நான் கேட்டு வாங்கிய திட்டுகளில் பாதியையும் இத்துடன் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும்
தாஸ்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட கையோடு, டீயில் சர்க்கரை இல்லாததற்குச் சண்டை போடக் கடுதாசியும் கையுமாக ரோட்டுக்கு வந்தேன். பாதிச் சண்டையில் முன் ரூம் ஆற்றோடு போய்விட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நாற்காலி உள்ளே இருந்தது. பிரிசில்லா என் கையைப் பிடித்தவள் இன்னும் விடவில்லை, இதை அவள் தோளில் வைத்து எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு இப்போது ஒரே வரியில் பதில் சொல்ல முடிகிறது: இல்லை. ஆனாலும் டிக்கெட் போடுங்கள், எங்கள் ஹாலில் உங்கள் கட்டிலை நேற்றே போட்டுவிட்டாளாம், என்னிடம் சொல்லவில்லை. கேட் மட்டும் நிற்கிறது. அதன் கொக்கியில் மாட்டி நைட்டி கிழிந்துவிட்டது.