மலையேறிப் போன பை

இடைவேளையில் ஜாஸ்குல் பையைத் திறந்து கைவிட்டுத் துழாவினாள். உள்ளே ஒரு போன்கூட இல்லை. பை நிறையக் காய்ந்த தயிர் உருண்டைகள், வெள்ளை வெளேரென்று.

காலையில் பத்தாம் வகுப்பு மொத்தமும் இந்தச் சேணப் பையில்தான் போனைப் போட்டது. கூலைம் டீச்சர் வைத்த சட்டம். தன் போனையும் முதல் ஆளாக அவரே போடுவார். பையைத் தாழ்வாரத்து அடுப்புப் பக்கம் ஆணியில் மாட்டுவது இந்த வாரம் ஜாஸ்குலின் முறை. அப்பா ரஷ்யாவிலிருந்து அனுப்பிய புதுப் போனை அவளும் போட்டிருந்தாள். ராத்திரியானால் அப்பாவின் குரல் வருவது அதில்தான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் பீரியடில் ஜன்னல் வழியே பார்த்தாளே! நிலக்கரி கொண்டுவந்த ஷெர்மாத் அண்ணன், பூப்போட்ட பையைக் குதிரைமேல் போட்டுக்கொண்டு, கொட்டுகிற பனிக்குள் கனவுக்குள் நுழைகிறவர் மாதிரி மெல்ல மலையேறிப் போனார். 'எவ்வளவு அழகு!' என்று கன்னத்தில் கைவைத்து ரசித்தாள். அவர் குளிர்காயும்போது தன் பையையும் அதே ஆணியில் மாட்டியிருக்கிறார். ஊரில் எல்லார் வீட்டுச் சேணப் பையும் ஒரே மாதிரிதான். மலையேறிப் போனது பத்தாம் வகுப்பு. ஆணியில் தொங்கியது அவர் மத்தியானச் சாப்பாடு.

"மீரிம், போனெல்லாம் காணாமப் போயிட்டா என்னடி பண்ணுவ?"

"போனா போகுது."

"அழ மாட்டியா?"

"எதுக்குடி அழணும்?"

இப்படி ஒரு தங்கமான மனசா பக்கத்து இருக்கையில்! ஜாஸ்குலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னைக்கு நம்ம பள்ளிக்கூடத்தைப் பார்க்க அதிகாரியம்மா வர்றாங்க," என்றார் டீச்சர். "கடைசி பீரியட்ல போன்லதான் வினாடி வினா. ஜாஸ்குல், சொன்னதும் பையைக் கொண்டு வா."

கடைசி பீரியட் வந்தால் செத்தோம். நெட் இல்லையென்றால் வினாடி வினா இல்லை. ஜாஸ்குல் பூனைபோல் தலைமையாசிரியர் அறைக்குள் போய், பச்சை விளக்கு மினுக்கும் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். வகுப்பில் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்த நீலக்கடல் அலையோடு அப்படியே நின்றது.

தலைமையாசிரியர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "நெட் போச்சும்மா! அதிகாரி வேற வந்துட்டாங்க. திரையை விடு, பிள்ளைங்க போன்லயே நெட் இருக்குமே. வினாடி வினாவை இப்பவே ஆரம்பி!"

அவர் பின்னாலேயே வந்த, கம்பளித் தொப்பி வைத்த அதிகாரியம்மா முன் பெஞ்சில் அசைந்து உட்கார்ந்தார்.

"எங்க பிள்ளைங்க தங்கம்ங்க," என்றார் டீச்சர். "பாடத்துக்குத் தவிர போனைத் தொடவே மாட்டாங்க. ஜாஸ்குல், பையைக் கொண்டுவந்து இப்படிக் கொட்டு."

கொட்டினாள். உருண்டைகள் மேசை முழுக்க ஓடின. ஒன்று அதிகாரியம்மாவின் காலடிவரை போனது. அவர் குனிந்து எடுத்தார், ஊதினார், வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு தூக்கல். போன் எங்கம்மா?"

"ம... மலைக்குப் போயிருச்சு. ஷெர்மாத் அண்ணன் தன்னோட பைன்னு நினைச்சு... நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். எல்லாரோடதும் போச்சு. நான்தான் ஒயரையும் பிடுங்கினேன்." தேம்பினாள்.

வகுப்பு தன்மேல் பாயப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். யாரும் பாயவில்லை. கண்ணைத் திறந்தால், எல்லாரும் அவரவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரும்தான்.

அதிகாரியம்மா உருண்டையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"சரி, நேரமாகுது. பூட்ஸுக்குள்ள இருக்கிறதை எடுங்க பிள்ளைங்களா. நீங்களும்தான் டீச்சர்."

காற்றடித்த புல்வெளி போல வகுப்பே ஒரே நேரத்தில் குனிந்தது. ஜாஸ்குல் மட்டும் நின்றாள்.

பூட்ஸுக்குள் கையை விட்டபடியே மீரிம் அண்ணாந்து பார்த்தாள். "அடிப்பாவி! எல்லாரும் ஓட்டைப் போனைப் போட்டா, நீ நிஜப் போனையா போட்ட?"